சிலை வேறு, திருமேனி வேறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

போன வாரம் சமய வகுப்பு முடிஞ்சு மண்டபத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தோம். படிவம் ஒன்று படிக்கிற பிள்ளை ஒன்னு வந்து கேட்டுச்சு: "அண்ணா, கூட்டாளிங்க நம்மள 'பெர்ஹாலா' கும்பிடுறவங்கன்னு சொல்றாங்க. நாம கும்பிடுறது சிலையா, சாமியா?"

எங்களுக்கு அந்தக் கூட்டாளிகள் மேல கோபம் வரல. சுவர்ல நாங்களே ஒட்டியிருந்த அறிவிப்பு மேலதான் வந்தது. "அம்மன் சிலைக்குப் பாலபிஷேகம், உபயதாரர்கள் பெயர் கொடுக்கவும்." நாமே சிலைன்னு எழுதி ஒட்டிட்டு, அடுத்தவன் சொன்னா மட்டும் முகம் சுளிக்கிறோம். என்ன நியாயம் இது?

சிலை என்றால் கல் என்றே ஒரு பொருள். ஜார்ஜ் டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரான்சிஸ் லைட்டுக்கும் சிலை இருக்கு. யாராவது தீபாராதனை காட்டுறோமா? சிற்பியின் பட்டறையில் இருக்கும் வரை அது சிலைதான். ஜலாதிவாசம், தானியாதிவாசம் முடிந்து, கண் திறந்து, கும்பத்து நீர் சேர்ந்த பிறகு அது திருமேனி. கருவறையில் மூலவர். வீதி உலா வந்தால் உற்சவர். வைணவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அர்ச்சாவதாரம் என்பார்கள். இராமனும் கண்ணனும் வந்த மாதிரி இதுவும் இறைவன் இறங்கி வந்த ஒரு நிலை. இத்தனை சொல் வச்சுக்கிட்டு 'சிலை'யைப் பிடிச்சுத் தொங்குறோம்!

விக்கிரகம் என்பதும் நம்ம சொல்தான். ஆனால் தமிழ் விவிலியத்தில் 'விக்கிரகாராதனை' ஒரு பாவத்தின் பெயர். இதற்குப் பதில் சொன்னவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவரே 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். யூதர் ஆலய வழிபாட்டிலும் விளக்கும் தூபமும் படையலும் உண்டென்று விவிலியத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். படித்துவிட்டுப் பேசினார், வசை பாடவில்லை.

கல்லைத்தான் கும்பிடுறோம் என்றால் இதற்குப் பதில் சொல்லுங்க. ஒரு பிடி மஞ்சளைப் பிள்ளையாராகப் பிடித்து வைத்து, பூசை முடிந்ததும் நீரில் கரைப்பது எப்படி? திருப்பணிக்கு முன்னால் பாலாலயம் செய்து, கருவறைத் திருமேனியின் சக்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது ஏன்? திருவிழாவில் வேப்பிலை சுற்றிய கரகத்தைப் பார்த்ததும் "தாயே"ன்னு விழுறோமே, அதில் சிலை எங்கே? வடிவம் மாறுது, வருகிறவள் ஒருத்திதான்.

"சிவவாக்கியரே கல்லைக் கேள்வி கேட்டாரே" என்று சிலர் வருவார்கள். கேட்டார், நல்லாவே கேட்டார். அவர் நம்ம வீட்டுப் பெரியவர். உள்ளே இருப்பவனைத் தேடாமல் வெளியே சுற்றி வருகிறவனைத்தான் உலுக்கினார். அந்த உலுக்கல் நமக்கும் வேணும். அதைக் காட்டி அடுத்தவர் நம் பிள்ளையைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

அதேபோல நாமும் யாரையும் சீண்ட வேண்டாம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'சுரூபம்' என்கிறார்கள். அது அவங்க சொல், அதை மதிக்கிறோம். நம்ம சொல்லை நாமதான் முதலில் மதிக்கணும்.

மலாய்க்காரர்கள் நம்ம ஆலயத்தைக் 'குயில்' என்கிறார்கள். கோயில் என்ற தமிழ்ச் சொல்தான் அது. நாம் விடாமல் சொன்னதால் ஊரும் சொல்லுது. திருமேனியையும் அப்படிச் சொல்லிப் பழகுவோம்.

பழைய அறிவிப்பைக் கிழிச்சாச்சு. புதுசுல "அம்மன் திருமேனிக்குப் பாலபிஷேகம்" என்று இருக்கு. எழுதினது அந்தப் பிள்ளைதான். உங்க ஆலய அழைப்பிதழையும் இன்னிக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

ஓம் சக்தி.
மாக் மண்டின் ஆலயத் தொண்டர்கள்