சிறகுக்குள் ஒரு கேபிள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். விமானத்திலும் அத்தகைய அச்சாணிகள் பல உண்டு. ரேடியோவையும் ஏரியலையும் இணைக்கும் கோ-ஆக்சியல் கேபிள் அவற்றுள் ஒன்று.

அமெரிக்காவில் தம் கையாலேயே விமானம் கட்டிப் பறப்போர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரெஸ்னி இவர்களுக்கென ஒரு சங்கமே நிறுவினார். எஞ்சினுக்கு அள்ளிச் செலவிடும் இவர்களுள் சிலர், கேபிள் என்றதும் மலிவானதைத் தேடுகின்றனர். "இழப்பு பெரிதாக வேறுபடாதே!" என்பது அவர்கள் வாதம். இது பாதி உண்மை; அந்தப் பாதியை நம்புவதுதான் ஆபத்து என்பது என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். அங்கே 5 மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிள் ஏறத்தாழ 1 டெசிபெல்தான் இழக்கும். பல மடங்கு விலையுள்ள ஆர்.ஜி. 400 கேபிளும் சற்றே குறைவாக இழக்கும், அவ்வளவுதான். ஆனால் தரைநிலைய ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் இயங்குவதோ 1090 மெகாஹெர்ட்ஸில். அங்கே அதே 5 மீட்டர் ஆர்.ஜி. 58 ஏறக்குறையப் பாதி ஆற்றலை விழுங்கிவிடும்.

இழப்பைவிடப் பெரியது வெப்பம். ஆர்.ஜி. 58இன் உள்ளே பாலிஎத்திலீன்; மேலே பி.வி.சி. உறை. இவை சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு வரையே தாங்கும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். நடுவானில், சின்னஞ்சிறு அறையில் அமர்ந்திருக்கும் விமானி எங்கே ஓடுவார்? ஆர்.ஜி. 400இல் உள்ள டெஃப்லான் 200 டிகிரி வரை தாங்கும், எளிதில் தீப்பற்றாது. வெள்ளி பூசிய அதன் இரட்டைப் பின்னல் வேண்டாத மின்காந்த அலைகளையும் நன்கு தடுக்கும்.

மேலும், 1979இல் முதன்முதல் பறந்த பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸீ போன்ற கண்ணாடியிழை விமானங்களில், ஏரியலைச் செப்புப் பட்டையாக உள்ளேயே பதித்து மூடுவதுண்டு. கண்ணாடியிழை ரேடியோ அலையைத் தடுக்காது என்பதால் இது இயல்கிறது. ஆனால் கேபிளையும் சேர்த்து மூடிவிட்டால், பிறகு அதை மாற்றச் சிறகையே வெட்ட வேண்டிவரும்.

சிறிய விமானத்திற்குச் சில மீட்டர் கேபிளே போதும். அதில் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. பட்டியலில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் ஆய்வுக்கூடத்திலும் இல்லாமலில்லை. அங்கே தவறினால் சோதனையைத் திரும்பச் செய்யலாம். வானத்தில் அந்த வாய்ப்பு இல்லை.