மஞ்சள் கடுதாசியா? மறைந்து ஓடுவதா?

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதை நம் வணிகச் சகோதரர்களுக்குப் பழகிய பாதை. சாமை, புளி, தேன், கடுக்காய் என்று ஜவ்வாது மலை தருவதை வாங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் கடைவீதிகளில் விற்று வாழும் குடும்பங்கள் பல. மலை மக்கள் அவர்களைப் 'பாய்' என்று அழைத்து, எந்தச் சீட்டும் எழுதாமல் மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். காசு அடுத்த நடையில் வரும் என்ற நம்பிக்கைதான் அங்கே பத்திரம்.

அந்தப் பாதையில் வியாபாரம் செய்யும் ஒரு தம்பி, சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தார். "ஹஜ்ரத், நாலு கிரெடிட் கார்டு இருக்கு. எல்லாம் சேர்த்து எட்டு லட்சம். ஒண்ணை எடுத்து இன்னொண்ணைக் கட்டிக்கிட்டிருந்தேன். இனி முடியாது. மஞ்சள் கடுதாசி கொடுத்துடலாமா? இல்ல, கட்டுறத நிறுத்திட்டு வர்றது வரட்டும்னு இருந்துடலாமா?" என்று கேட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாதாம். சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

சகோதரர்களே! இது அந்த ஒரு தம்பியின் கேள்வி மட்டுமல்ல. நம் ஊர்களில் பல இளைஞர்கள் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உள்ளுக்குள் புழுங்கிக் கொண்டிருக்கும் கேள்வி. எனவே இதை வெளிப்படையாகவே பேசிவிடுவோம்.

பொறி எப்படி வேலை செய்கிறது?

மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக் கொள்வோம். கேட்பதற்குச் சிறிய எண். ஆண்டுக்கு அது 42 சதவீதம்! எட்டு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 28,000 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,040 ரூபாய். 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்று வங்கி கேட்பது 5 சதவீதம் என்றால் 40,000 ரூபாய். இந்த நாற்பதாயிரத்தையும் வியர்வை சிந்திக் கட்டினால், கடனில் குறைவது வெறும் 6,960 ரூபாய்!

அதையும் இன்னொரு அட்டையை யாருடைய மிஷினிலோ தேய்த்து, கமிஷன் கொடுத்துக் காசாக்கிக் கட்டினால் என்ன ஆகும்? கடன் குறையவே குறையாது. கமிஷனும் சேர்ந்து வளரும்.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் வரம்புக்குள் வரும் விஷயம் என்பது அதன் முடிவு. ஆக, அந்த 30 சதவீத அணையும் இன்று இல்லை.

வட்டியின் வாசலில் போய் நின்றதே தவறு என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனால் கிணற்றில் விழுந்தவனிடம் ஏன் எட்டிப் பார்த்தாய் என்று கேட்டுக் கொண்டிருப்பதா முதல் வேலை? முதலில் கயிற்றைப் போடுவோம்!

கட்டுவதை நிறுத்தினால்?

90 நாட்கள் தவணை நின்றால் வங்கி அதை வாராக் கடன் கணக்கில் சேர்க்கும். அட்டை முடங்கும். கடன் வரலாற்று அறிக்கையில் கறை விழும். நாளை ஒரு வண்டிக் கடன்கூடக் கிடைப்பது கடினம். அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் அந்தப் பணத்தில் வங்கி கை வைக்கக்கூடும். பிறகு வசூல் ஆட்கள், வக்கீல் நோட்டீஸ், உரிமையியல் வழக்கு. வழக்கில் தீர்ப்பாகிவிட்டால், அதை நிறைவேற்றிக் கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

'மூன்று வருடம் தலைமறைவாக இருந்தால் கடன் காலாவதியாகிவிடும்' என்று டீக்கடையில் சட்டம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வழக்குப் போடுவதற்கான காலக்கெடு 3 ஆண்டுகள் என்பது உண்மை. ஆனால் இடையில் ஒரு தொகை கட்டி அதற்கு எழுத்துச் சான்று இருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். அதைவிட முக்கியம், மஹ்ஷரில் காலக்கெடுச் சட்டம் கிடையாது! வாங்கிய அசல் அங்கே காலாவதியாகாது.

மறுபக்கம், வீண் பயமும் வேண்டாம். 'போலீஸ் வரும், ஜெயிலில் போடுவார்கள்' என்று வசூல் ஆள் மிரட்டினால் நடுங்காதீர்கள். கடனைக் கட்ட இயலாமல் போவது குற்றமல்ல. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு, வசதி இல்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் தள்ள முடியாது என்று நிலைநாட்டியது. வசதி வைத்துக் கொண்டே ஏமாற்றுகிறவன்தான் சிவில் சிறைக்கு அஞ்ச வேண்டும். ஆனால் காசோலை கொடுத்து அது திரும்பி வந்தால் அது வேறு கதை. அது குற்ற வழக்காகும். எனவே நெருக்கடியில் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

மஞ்சள் கடுதாசி கொடுத்தால்?

ஊர்வழக்கில் மஞ்சள் கடுதாசி, ஐ.பி. என்று சொல்வது 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டப்படி நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவைத்தான். சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டின் வேறு சட்டம். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆனால் அதில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் கடைக்காரருக்கு இன்றும் நூறாண்டைத் தாண்டிய பழைய சட்டம்தான்!

அதில் நன்மை உண்டு. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால், ஜாமீன் சொத்து எதுவும் இல்லாத கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியே வழக்குப் போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்புக் கேட்கலாம். சமையல் பாத்திரம், உடுதுணி, தொழிலாளியின் கருவிகள் போன்றவற்றைத் தொட மாட்டார்கள்.

விலை என்ன? உங்கள் மற்ற சொத்தெல்லாம் நீதிமன்றத்தின் கைக்கோ ரிசீவரின் கைக்கோ போய்விடும். விற்று வருவதைக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார்கள். மனு போட்டதும் கடன் போய்விடாது. நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுவிப்புக் கேட்டு மறுபடி மனு செய்ய வேண்டும். கேட்காவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகும். விடுவிப்புக் கிடைக்கும் வரை, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதே குற்றம். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவும் தகுதி இழப்பு. மோசடியால் வந்த கடன் விடுவிப்புக்குப் பிறகும் தீராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'முதலில் வீட்டை மனைவி பெயருக்கு மாற்று, பிறகு ஐ.பி. போடு' என்று யோசனை சொல்லும் புரோக்கர்கள் உண்டு. இரண்டாண்டுகளுக்குள் விலையின்றிச் செய்த அப்படிப்பட்ட கைமாற்றத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடலாம். சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இது சட்டம். மார்க்கத்திலோ இதன் பெயர் பச்சைத் துரோகம்!

நபிகளார் காட்டிய வழி

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் பழங்களை வாங்கி வியாபாரம் செய்து நஷ்டப்பட்டார். கடன் பெருகிவிட்டது. நபியவர்கள் மக்களிடம் அவருக்குத் தர்மம் கொடுக்கச் சொன்னார்கள். மக்கள் கொடுத்தார்கள். அப்படியும் கடன் முழுவதும் தீரவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். இச்செய்தி முஸ்லிம் ஹதீஸ் நூலில் இருக்கிறது.

இதில் மூன்று பாடங்கள்! கடன்பட்டவர் ஓடி ஒளியவில்லை, சபையில் நின்றார். சமுதாயம் வேடிக்கை பார்க்கவில்லை, கை கொடுத்தது. கடன் கொடுத்தவர் இல்லாததைக் கசக்கிப் பிழிய அனுமதிக்கப்படவில்லை. கஷ்டப்படுபவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (2:280). அதே மார்க்கம், வசதி உள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்றும் எச்சரிக்கிறது. இயலாதவன் வேறு, இயன்றும் கொடுக்காதவன் வேறு!

அந்தத் தம்பிக்குச் சொன்னது

"உங்க கடை ஓடுது. கடன் எல்லாம் அட்டையில மட்டும்தான். வீடு ஜப்தியாகல. அப்போ மஞ்சள் கடுதாசி உங்களுக்கான மருந்து இல்ல தம்பி. எல்லாம் முழுகி, இருபது பேர் நீ முந்தி நான் முந்தின்னு வழக்கோட நிக்கிறப்போ, இருக்கிறதை நேர்மையா எல்லாருக்கும் பங்கிடத்தான் அது. ஆனா நீங்க இப்போ செய்யிறதும் ஆகாது" என்றேன்.

அவர் செய்ய வேண்டியது இதுதான்:

1. அட்டைக்கு அட்டை மாற்றுவதை அன்றே நிறுத்த வேண்டும். கட்டுவதை நிறுத்துவதற்கு முன் கடன் வாங்குவதை நிறுத்த வேண்டும்.

2. வீட்டில் சொல்ல வேண்டும். மனைவிக்குத் தெரியாத கடன்தான் மனிதனைக் கயிற்றை நோக்கித் தள்ளுகிறது. உயிர் அல்லாஹ்வின் அமானிதம். எட்டு லட்சத்துக்கு அதை ஈடு வைக்காதீர்கள்!

3. ஒவ்வொரு வங்கிக்கும் எழுத்தில், வரவு செலவுக் கணக்கோடு, 'முழுமையாகக் கட்ட இயலவில்லை, வட்டியைத் தள்ளி அசலைத் தவணையாக வாங்கிக் கொள்ளுங்கள்' என்று கேட்க வேண்டும். அசலை மறுக்க நமக்கு உரிமையில்லை. வட்டியைக் குறைக்கக் கேட்பதில் வெட்கமுமில்லை. மக்கள் நீதிமன்றத்திலும் பேசித் தீர்க்கலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை.

4. சமரசத் தொகை முடிவானால் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். வசூல் ஆளின் கையிலோ அவர் சொந்தக் கணக்கிலோ ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். கடன் அறிக்கையில் 'செட்டில்' என்ற குறிப்பு சில காலம் நிற்கும். நிற்கட்டும்! இனி அட்டை வாங்கப் போவதில்லையே!

அவர் எழுந்து போகும்போது நான் ஒன்று கேட்டேன்: "மலையில யாருக்காவது பாக்கி இருக்கா?" தலைகுனிந்தார். "ஒரு அம்மாவுக்குப் புளிக்காசு பதினோராயிரம் ரூபாய். போறப்பல்லாம் 'பாய், எப்போ தருவீங்க'ன்னு கேக்குது. அதான் இப்போ அந்தப் பக்கமே போறதில்ல."

பார்த்தீர்களா? வங்கிக்குப் பயந்து மாதம் நாற்பதாயிரம் கட்டியவர், பயமுறுத்தத் தெரியாத ஓர் ஏழைத் தாய்க்குப் பதினோராயிரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்! வங்கிக்கு வக்கீல் உண்டு. அந்த அம்மாவிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஐ.பி. பட்டியலில் அவர் பெயரை எழுத மறந்தால் அவருக்குப் பங்கு கிடைக்காமலே போகலாம். யார் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்துக் கடனை அடைப்பவன் நீதமான வணிகனா?

ஜமாஅத்தே, உன் பங்கு என்ன?

ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர் (9:60). ரமலானில் சேலையும் அரிசியும் கொடுத்து முடித்துவிடும் நம் பைத்துல்மால்கள் இந்தப் பிரிவை ஏன் மறந்தன? ஊருக்கு ஒரு வட்டியில்லாக் கடன் நிதி, கணக்குத் தெரிந்த இருவர், ஒரு வழக்கறிஞர், மாதம் ஒருநாள் கதவடைத்து இரகசியம் காத்துக் கேட்கும் ஒரு அறை. இவ்வளவு போதுமே!

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. 1938-ல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு விவசாயிகளின் பழைய கடன்களில் வட்டிப் பாக்கியைத் தள்ளிச் சட்டம் போட்டது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது! அன்று முடிந்தது இன்று முடியாதா? 2016 சட்டத்தின் தனிநபர் பகுதியைச் சாதாரண மக்களுக்கும் நடைமுறைப்படுத்து என்று மேடைதோறும் கேட்போம்.

அந்தத் தம்பி மறுவாரமே மலையேறினார். வீட்டில் பேசி, பழைய வண்டியை விற்று, முதலில் புளிக்காசைக் கொடுத்துவிட்டு வந்தார். வங்கிகளுக்கும் கடிதம் எழுதிவிட்டார். இரண்டு வங்கிகள் பேச வந்திருக்கின்றன. மற்ற இரண்டு இன்னும் இழுக்கின்றன. கடன் தீரவில்லை. ஆனால் இப்போது அவர் யாரைக் கண்டும் சந்துக்குள் திரும்புவதில்லை.

இளைஞர்களே! இயலவில்லை என்றால் இயலவில்லை என்று சொல்லி நில்லுங்கள். ஓடாதீர்கள்!