பூட்டு போதும், சாவி வேண்டும்!

தோழனே!

பூட்டுக்குப் பெயர் பெற்றது நம் திண்டுக்கல். நல்லாம்பட்டியிலும் குடைப்பாறைப்பட்டியிலும் யாகப்பன்பட்டியிலும் அரம் பிடித்த கைகள் ஆக்கித் தந்த பூட்டுக்கு, 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தொழிலாளியிடம் கேட்டுப்பார். சாவி இல்லாத பூட்டு வெறும் இரும்புத் துண்டு என்பார்.

இதை ஏன் சொல்கிறேன்? பதினாறு வயதுப் பையன் கத்தியோடு பிடிபட்டான் என்று ஏட்டிலே செய்தி வருகிறது. தேநீர்க் கடையிலே படிக்கிறோம். உடனே எழுகிறது ஒரு குரல்: "பிடித்துப் பூட்டி வை!" அந்தக் குரலோடு நம் தோழர்கள் சிலரின் குரலும் கலந்து ஒலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாடகம் எழுதுபவன் நான். மூன்றாம் காட்சியில் ஒருவன் கத்தியோடு மேடைக்கு வந்தால், முதற்காட்சியில் அவன் யார் என்பதைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் கொட்டகையே எழுந்து கேட்கும். வாழ்க்கை நாடகத்தில் மட்டும் முதற்காட்சியைக் கேட்பாரில்லை!

நான் காட்டுகிறேன், பார். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு இரவு ஷிப்டுக்குச் செல்கிறாள் தாய். தந்தை மூட்டை தூக்குகிறார்; கூலியில் பாதி மதுக்கடையிலே கரைகிறது. ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய மகனைப் "படிப்பு வராதவன்" என்கிறது பள்ளி; "உருப்படாதவன்" என்கிறது உறவு. "வாடா தம்பி" என்று அவனை அன்போடு அழைத்த முதல் மனிதன் யார் தெரியுமா? கஞ்சாப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பும் கயவன்! அடுத்த காட்சியில்தானே காவல் நிலையம் வருகிறது?

வறுமை ஒன்றுதானா காரணம்? அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்தவனின் வீட்டுக்குள்ளே அரிவாளோடு நுழைந்தனர் பள்ளி மாணவர்கள். அரிவாளைக் கொல்லன் அடித்தான். சாதி வெறியைத் தீட்டி அந்தப் பிஞ்சு உள்ளத்திலே செருகியது யார்? பெரியவர்கள் அன்றோ!

"பூட்டி வைத்தால் திருந்துவான்" என்போர் செங்கற்பட்டைப் பார்க்கட்டும். அங்கே சிறுவர்க்கான சீர்திருத்தப் பள்ளி தோன்றியது 1887இல். சிறுவனைக் கைதியாகக் கருதாதே, வளரும் பிள்ளையாகக் கருது என்று, இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர் சட்டம் கண்டது சென்னை மாகாணம், 1920இல். நூறாண்டு கடந்தது. அதே செங்கற்பட்டில், 2022 டிசம்பர் 31 அன்று, திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட பதினேழு வயதுப் பிள்ளை பிணமானான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்களே கைது செய்யப்பட்டனர். அவன் பெயரை நான் எழுதவில்லை. சட்டமும் தடுக்கிறது, மனமும் தடுக்கிறது. நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. இல்லங்களின் சீர்கேட்டை ஆராய்ந்து 2023இல் அறிக்கை தந்தது. திருத்த வேண்டிய இடத்தையே திருத்த வேண்டியிருக்கிறது, தோழனே!

அதே 1920இல் மற்றொன்றும் நடந்தது. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவிடத் தீர்மானித்தது. சட்டம், தவறிய பிள்ளைக்கு. சோறு, பிள்ளை தவறாதிருக்க! அந்தச் சோறு 1956இல் மதிய உணவாய் மாநிலமெங்கும் பரவிற்று; 1982இல் சத்துணவாயிற்று; 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசி அடைத்து வைத்திருந்த பள்ளிக் கதவை, படி அரிசி திறந்தது. அதுதான் சாவி!

ஆனால் அந்தச் சாவி எதுவரை திறக்கிறது? கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஆபத்தில்லாத தொழில் என்றால், பதினான்கு நிறைந்தவனை வேலைக்கு வைக்கக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடமளிக்கிறது. பதினெட்டு வரை அவன் சிறுவன்தான் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். எனினும் கொடுங்குற்றமானால், பதினாறு நிறைந்தவனைப் பெரியவனைப்போல் விசாரிக்கவும் அதுவே வழி வைத்திருக்கிறது. பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகள்! பள்ளி கைவிட, தொழில் கைப்பற்றாத அந்த இடைவெளியிலேதான் கயவன் கடை விரிக்கிறான்.

அந்த இடைவெளியை அடைப்பது யார்? அரசு செய்யட்டும், செய்யச் சொல்லி வற்புறுத்துவோம். நாம் செய்வது என்ன? ஊர்வலத்துக்கு ஆள் வேண்டுமென்று வகுப்பு நேரத்தில் அவனை அழைக்கிறோம். கொடிக்கம்பம் நட அவன் தோள் வேண்டும். துணைத்தேர்வுக்குக் கட்டணம் கட்ட நமக்கு நேரமில்லை! சுடுகிறதா? எனக்கும் சுடுகிறது.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். தெருவிலே நின்ற என்னைத் தாங்கியது ஒரு படிப்பகம். கிழிந்த பாய், நான்கு ஏடுகள், "உட்கார், படி" என்று சொன்ன ஒரு மூத்த தோழர். அவ்வளவுதான்! கத்தி ஏறியிருக்கக்கூடிய கையில் எழுதுகோல் ஏறியது.

உன் வார்டிலே இவ்வாண்டு பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார் யார்? பெயர் எழுது. வீட்டுக்குப் போ. தேர்வில் தவறியவனைத் துணைத்தேர்வுக்கு அனுப்பு. தொழில் விரும்புபவனை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அழைத்துச் செல். மாலையிலே படிப்பகத்தின் விளக்கை ஏற்று.

பூட்டை அடித்த அதே கைகள்தாம் சாவியையும் அராவுகின்றன, தோழனே. அரத்தை எடு!