காது இரைகிறது என்பதை எம் பிள்ளைகள் எப்படிச் சொல்வர்?

நாயின் குரைப்பு ஆங்கிலேயரின் காதுக்கு ‘வூவ் வூவ்’. போர்த்துக்கேயரின் காதுக்கு ‘ஆவ் ஆவ்’. எமக்கு ‘வள் வள்’. நாயும் ஒன்று, குரலும் ஒன்று. கேட்கும் முறையே மொழிக்கு மொழி வேறுபடுகின்றது. ஒலிச்சொற்கள் இயற்கையின் நேர்ப்பிரதிகள் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறாயின் சேவல் எல்லா மொழிகளிலும் ஒரே விதமாகவே கூவ வேண்டும். ஆங்கிலத்தில் அது ‘கொக்-அ-டூடில்-டூ’ என்கின்றது. போர்த்துக்கேயத்தில் ‘கொக்கொரொக்கோ’ என்கின்றது. இந்த ஒன்றில் ஆங்கிலேயரைவிடப் போர்த்துக்கேயரே எமது ‘கொக்கரக்கோ’வுக்கு அண்மையில் நிற்கின்றனர்.

இதனை வேடிக்கை என்று ஒதுக்குதல் தகாது. ரொறன்ரோ போன்ற நகரங்களில் எம் பிள்ளைகள் போர்த்துக்கேயப் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பிலிருந்து ஆங்கிலம் கற்கின்றனர். 1953 ஆம் ஆண்டு முதல் கனடாவிற் பெருமளவில் குடியேறத் தொடங்கிய அச்சமூகமும், எம்மைப் போன்றே, வீட்டில் ஒரு மொழியும் வெளியில் இன்னொரு மொழியுமாக வாழ்ந்து வந்த சமூகமே. இரு வீட்டாருக்கும் உள்ள இடர்ப்பாடு ஒன்றுதான்: ஒலிச்சொற்களுக்கு அகராதி தரும் சமச்சொல் பெரும்பாலும் சமமாவதில்லை.

ஆங்கிலம் ‘கிராக்’, ‘ஸ்னாப்’, ‘பொப்’ என்று பிரித்துக் கேட்கும் ஓசைகளைப் போர்த்துக்கேயம் பல வேளைகளில் ‘எஸ்தாலோ’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். உறங்குபவரின் குறட்டைக்கு ஒரு சொல், பசித்த வயிற்றின் ஓசைக்கு வேறொரு சொல் என்பது ஆங்கில வழக்கு. போர்த்துக்கேயத்தில் ‘ரொங்கார்’ என்ற வினையொன்றே இரண்டையும் சொல்லப் போதும். எமக்கோ முன்னையது குறட்டை. பின்னையது ‘கடமுட’ என்பது.

இனி நோயிலே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வெளியில் ஓசை எதுவுமின்றியே காதுக்குள் ஓசை எழுவதை ஆங்கிலேயர் மணி ஒலிப்பதாகச் சொல்வர். ‘ரிங்கிங்’ என்பது அவர்தம் சொல். போர்த்துக்கேயர் அதனைத் தேனீயின் ரீங்காரமாகக் கேட்டு ‘ஸும்பிடோ’ என்பர். நாமோ ‘காது இரைகிறது’ என்கின்றோம். எமக்குக் கடலும் இரையும், காதும் இரையும். மூன்றும் ஒரே நோயைக் குறிப்பன. ஆயினும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது.

வைத்தியரிடம் அம்மம்மாவை அழைத்துச் செல்லும் பேரப்பிள்ளைக்கு இச்சொல் தெரியாதாயின் நிகழ்வது என்ன? ‘இவருக்கு ஏதோ சத்தம் கேட்கிறதாம்’ என்று அப்பிள்ளை ஆங்கிலத்திற் சொல்லும். வைத்தியர் அதனை மனநோயின் அறிகுறியாகக் கொள்ளவும் இடமுண்டு. ‘தலை விண்விண்ணென்று தெறிக்கிறது’ என்று அம்மம்மா சொல்ல, பிள்ளை ‘தலையிடி’ என்று மட்டுமே பெயர்க்கும். விட்டுவிட்டுத் தெறிக்கும் வலிக்கும் இறுக்கிப் பிடிக்கும் வலிக்கும் உள்ள வேறுபாடு வைத்தியருக்கு முக்கியமானது. அந்த வேறுபாடு முழுவதும் ‘விண்விண்’ என்ற இரட்டைக்கிளவியிலேயே இருந்தது. அதுவே வழியில் தவறிப் போயிற்று. முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதே சரியானது. எனினும் நள்ளிரவில் அருகில் நிற்பது பேரப்பிள்ளையே.

இவ்விடத்தில் எமது வரலாறும் ஒன்றைச் சொல்கின்றது. போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், சாவி முதலிய சொற்கள் அவர்தம் மொழியிலிருந்து எமக்கு வந்தவை. ஆயினும் அந்த யன்னல் காற்றில் அடிபட்டபோது அது ‘படார்’ என்று தமிழிலேயே அடிபட்டது. கதிரை ‘கிறீச்’ என்றது. சாவிக்கொத்து ‘கலகல’ என்றது. பொருளுடன் பெயர் கடல் கடந்து வரும். ஓசைக்குரிய சொல்லோ வீட்டாரின் வாயிலிருந்தே பிள்ளையின் காதுக்கு வரவேண்டும்.

ஒன்ராறியோ மாகாணம் 1977 இல் மரபுமொழித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று வேறு பெயரில் நடைபெறும் அத்தகைய வகுப்புகளிலும், எம்மவர் நடத்தும் வார இறுதிப் பள்ளிகளிலும் ‘யானை பிளிறும், மயில் அகவும்’ என்று பிள்ளைகள் ஒப்புவிக்கின்றனர். அது நன்றே, மரபைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. ஆனால் யானையையும் மயிலையும் அயலிற் காணாத பிள்ளைக்கு, நாள்தோறும் கேட்கும் அம்மம்மாவின் ‘விண்விண்’, ‘சுரீர்’, ‘இரைகிறது’ என்னும் சொற்களை யார் கற்பிப்பது? பரீட்சைக்கு வருவதையே நாம் பாடமாக்கிவிட்டோம்.

‘ஆங்கிலம் வந்தாற் போதாதா?’ என்று பெற்றோர் சிலர் வினவலாம். ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆயின் தமிழ்ச் சொல்லை அறியாத பிள்ளை எதனை ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்?

எனவே ஆசிரியர்கள் வாரம் ஒரு பாடவேளையை உடலின் ஓசைக்கும் வலிக்கும் உரிய சொற்களுக்காக ஒதுக்குதல் வேண்டும். ஒரு பக்கத்தில் தமிழ்ச்சொல், மறுபக்கத்தில் வைத்தியருக்கு விளங்கும் ஆங்கில விளக்கம் எனப் பிள்ளைகளே ஒரு கொப்பியில் எழுதட்டும். அச்சொற்களைப் புத்தகத்திற் தேட வேண்டாம். அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்டு எழுதுவதே வீட்டுவேலையாகட்டும். அவர்கள் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும்.