பலகைத் தளம் பழுதுறின்

மலைநாட்டுப் பழைய வீடுகளிலே பலகைத் தளம் சற்றுக் கிறீச்சிட்டாற் போதும். வீட்டுக்காரர் பலகைகளைப் பெயர்த்தெறிந்து சீமெந்து இடுவிக்கின்றனர், அன்றேல் இறப்பர் விரிப்பை ஒட்டி மறைக்கின்றனர். இரண்டும் வேண்டாத வேலை என்பதும், அத்தளத்தைப் பெரும்பாலும் வீட்டுக்காரரே தம் கையாற் செப்பனிடலாம் என்பதும் எமது துணிபு. பண்டிதனுக்குத் தச்சுவேலையில் என்ன அலுவல் எனச் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்.

புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனத் தொல்காப்பியம் மரபியலிற் கூறும். அவ்விதிப்படி எம் பனை புல்லினத்தது. இதனைத் தேர்வுக்கு மனனஞ் செய்யும் மாணாக்கர் கையில் ஒரு பலகையைக் கொடுத்தால், இது வயிரம், இது வெளிறு என்று காட்ட அறியார். கறையான் அறியும், அது வெளிற்றையே முதலில் நாடும். பலகையின் ஓரம் உழுத்து நடுப்பாகம் உறுதியாயிருப்பது பெரும்பாலும் இதனாலேயாம். நூலிற் கற்ற சொல் கைக்கு வாராதாயின் அக்கல்வி யாருக்காக?

செப்பனிடுமுன் தளத்தின் கீழே நோக்குதல் வேண்டும். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியபின் தேயிலை பரவிற்று. அக்காலத்தும் பின்னரும் எழுந்த பங்களாக்கள் பலவற்றிற் பலகைகள் நிலத்திற் படியாது சட்டங்களின் மேற் கிடக்கும். கீழே காற்றுச் செல்லச் சுவரிலே துவாரங்கள் விட்டிருப்பர். பின்வந்தோர் எலிக்கு அஞ்சி அவற்றை அடைத்தனர். பூம்பாத்தியை உயர்த்தி மூடினோரும் உளர். கடல்மட்டத்துக்கு 6000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் ஈரத்திலே காற்றற்ற சட்டம் உக்காமல் என் செய்யும்? துவாரத்தைத் திறவாமல் மேலே எத்துணை மெருகிட்டும் பயனில்லை. கூரிய ஆணியை அழுத்தினால் எளிதில் இறங்கும் சட்டத்தை மாற்றத் தச்சரை அழைத்தல் முறை. ஏனையவை நம் வேலை.

பலகை பலகையோடோ தளர்ந்த ஆணியோடோ உராய்வதால் எழுவதே கிறீச்சொலி. மேலும் ஓர் ஆணி அறைதல் வீண். அதுவும் நாளடைவில் தளரும். சிறு துளையிட்டுத் திருகாணியாற் பலகையைச் சட்டத்தோடு இறுக்குதல் வேண்டும். பழைய ஆணித்தலைகளை உள்ளே தாழ்த்திய பின்னரே அரத்தாளைத் தொடலாம். 40, 80, 120 இலக்கத் தாள்களை அம்முறையே, மரத்தின் இழை ஓடும் வழியே தேய்க்க. குறுக்கே விழுந்த கீறல் மெருகிட்டபின் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வாடகைக்கு வாங்கும் இயந்திரம் ஓரிடத்தில் நின்றாற் குழி பறித்துவிடும். பழைய நிறப்பூச்சில் ஈயங் கலந்திருத்தல் கூடும். குழந்தைகள் உள்ள வீட்டிலே அதனை உலரத் தேய்த்துத் தூசெழுப்புதல் ஒருபோதும் ஆகாது.

வாணிசா, எண்ணெயா என்பதிலேதான் எமக்கும் கடைக்காரருக்கும் பிணக்கு. அவர் போற்றும் பொலியூரித்தேன் வாணிசு பளபளக்கும், நெடுநாள் உழைக்கும், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது தேய்ந்த இடத்தில் மட்டும் பூசினால் தேமல்போல் வேறாய்த் தெரியும். முழுத்தளத்தையும் மீண்டும் உராய்தல் வேண்டும்; உராயுந்தோறும் பலகை மெலியும். ஆளிவிதை எண்ணெயூட்டி, டர்பன்டைனிற் கரைத்த தேன்மெழுகு தேய்த்த தளமோ அத்தகையதன்று. நாற்காலிக் கால் தேய்த்த ஒரு சாண் இடத்தை மட்டும் ஒரு மாலைப்பொழுதிற் சீர்செய்ய அஃது இடந்தரும். ஆண்டுக்கொருமுறை மெழுகிட வேண்டியிருப்பதை ஒரு குறையாகச் சொல்வர். நிலைக்கதவுக்கு எண்ணெயிடும் வீட்டாருக்கு இது புதிதன்று. எண்ணெயை மெல்லெனப் பூசி, ஊறாது நின்ற மிகையை அரைமணி நேரத்துள் துடைத்தெடுத்தல் வேண்டும், தேங்கினாற் பிசுபிசுக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் மட்டும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு கூடி உலரும்பொழுது வெப்பம் விடும். சுருளினுள் அடைபட்ட வெப்பம் தானே தீயாய் மூளவும் கூடும். அத்துணியை வெளியே விரித்துக் காயவிடுக. அன்றேல் நீரில் அமிழ்த்தி வைக்க.