வீட்டுக்குள் குற்றாலம் வேண்டாம்

வீடு கட்டும் பழைய மாணவன் ஒருவன், "சார், குற்றாலம் மாதிரி விழணும், எந்த ஷவர் வாங்க?" என்றான். தட்டு அகல மழை ஷவர் மட்டும் வேண்டாம்ப்பா என்றேன்.

மெயினருவித் தண்ணீரே பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்துதான் நம் தலைக்கு வருகிறது. வீட்டில் தணிக்க வேகம் ஏது? 33 அடி உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம். மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் ஐந்தாறு அடிதான். அதை நூறு துளைக்குப் பங்கு வைத்தால் சொட்டும். நானும் ஒன்று மாட்டி, கடைசியில் வாளியில்தான் குளித்தேன்!

மோட்டார் வைக்காதவர்கள் சின்ன முகம், ரப்பர் முனை உள்ளதாகப் பாருங்கள். உப்பு படிந்தால் விரலால் தேய்த்தாலே போகும். வயதானவர்களுக்குக் கை ஷவர்தான். முழங்கால் வலிக்காரியான என் மனைவி இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து தானே குளிக்கிறாள், என்னைக் கூப்பிடுவதில்லை.

சாரல் விழுந்ததும் இலத்தூர் வாருங்கள், அருவிக்குப் போவோம்.