மழையை அளக்கட்டும் நம் பிள்ளைகள்

நம் நாட்டில் மழையைப்பற்றிப் பேசாதவர் இல்லை. அதை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கத்தைப் பிரித்து, "இவ்வருஷம் மூன்று மரக்கால் மழை" என்று வாசிக்கின்றார்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று கேட்டால் விடை கிடையாது. பெய்தால் பஞ்சாங்கத்தின் பெருமை. பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவமாம்!

2019-ல் சென்னை ஏரிகள் வற்றியபோது, கோயில்களில் மழைக்காக யாகம் நடத்தும்படி அறநிலையத்துறையே சுற்றறிக்கை விட்டது. அந்த யாகம் எத்தனை மில்லிமீட்டர் கொடுத்தது என்று கணக்குக் காட்டியவர் உண்டா?

நிற்க. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. ஆனால் ஓரிடத்துக் கணக்கு ஊர் முழுவதற்கும் போதாது. 2015 டிசம்பர் 1-ந் தேதிப் பெருமழையில் நுங்கம்பாக்கத்தில் பெய்தது சுமார் 29 சென்டிமீட்டர். தாம்பரத்திலோ சுமார் 49. அடையாற்றங்கரைக் குடிசைகளை வெள்ளம் கொண்டுபோனது இந்த வித்தியாசத்தை அறியாதவர்களுக்கும் தெரியும்.

ஆகவே மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களிலுள்ள ஒவ்வொரு உயர்தரப் பள்ளியிலும் மழை அளக்கப்பட வேண்டும் என்கின்றோம். கேரளத்தில் பள்ளிகள் பலவற்றில் வானிலை நிலையங்களே அமைத்திருக்கின்றார்கள். நமக்கு முதலில் வேண்டியது அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள பாத்திரமும் ஓர் அளவுகோலுமே. மரமும் சுவரும் மறைக்காத வெளியில் அதை வைத்து, வானிலை இலாகாவைப் போலவே தினம் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதட்டும். மழையில்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவதும் பாடமே. பிறகு எல்லாப் பள்ளிகளின் அளவையும் ஒரே படத்தில் குறித்து, சம அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கட்டும்.

"பரீட்சைக்கு வராத வேலை எதற்கு?" என்பார்கள். ஒரு கிரவுண்டு மனையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,200 லிட்டருக்குமேல் தண்ணீர். இதைக் கணக்கிட்ட பிள்ளை, அந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று கேட்பான். தியாகராய நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர் என்பதைத் தெரிந்துகொள்வான். வெள்ளத்தை விதி என்று சொல்பவனை நம்பமாட்டான்.

தோழர்களே! குப்பத்துப் பிள்ளை அளந்த மில்லிமீட்டரும் மாடிவீட்டுப் பிள்ளை அளந்த மில்லிமீட்டரும் ஒன்றே. பாத்திரம் ஜாதி கேட்பதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் இன்றே இதைக் கேளுங்கள். அடுத்த ஐப்பசி மழைக்குள் பாத்திரம் வெளியில் இருக்கட்டும்.